முப்பத்தெட்டில் வரும் களைப்பு

மூன்று மாடி ஏறி வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்கிறவருக்கு வயது முப்பத்தெட்டு. பக்கத்து மேசைக்காரர் ஏறிட்டுப் பார்த்து, "வயசாகுதுல்ல சார்" என்கிறார். உட்கார்ந்தவரும் ஆமாம் என்று தலையாட்டுகிறார். பேச்சு அதோடு முடிந்து அவரவர் வேலை தொடங்குகிறது. தமிழ்நாட்டின் அலுவலகங்களிலும் கடைகளிலும் பள்ளி வாசல்களிலும் தினமும் எத்தனையோ முறை நடப்பதுதான் இது. உறுத்துவது அந்தத் தலையாட்டல். நாற்பதைத் தொடாத ஓர் உடம்பு தன் தளர்ச்சியை இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறது. கேட்டவருக்கும் அதில் வியப்பில்லை. இருபத்திரண்டில் இல்லாத களைப்பு முப்பத்தெட்டில் இருக்கிறது என்பது மெய்தான், யாரும் பாசாங்கு செய்யவில்லை. ஆனால் அந்தக் களைப்பு முழுவதையும் வயதின் பேரில் எழுதிவிடலாமா? வயதின் பேரில் எழுதியதை யாரிடமும் திருப்பிக் கேட்க முடியாது. வாடகையின் பேரிலோ வேலை நேரத்தின் பேரிலோ எழுதினால் கேட்பதற்கு ஆள் உண்டு.

2021 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு இந்த உறுத்தலை இன்னும் கூர்மையாக்குகிறது. அமெரிக்க மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சரும் பல நாட்டு ஆய்வாளர்களும் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் உடல் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்ற தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை அதில் அடக்கம். ஹைட்ரஜன், ஆக்சிஜன் இவற்றின் கனமான ஐசோடோப்புகள் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அடுத்த சில நாட்களில் சிறுநீரில் அவை குறையும் வேகத்தை அளப்பது அவர்கள் முறை. என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள் என்று ஆளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஆய்வுகளைவிட இது நம்பகமானது. உடலின் பருமனையும் அதன் தசை, கொழுப்பின் அளவையும் கழித்துப் பார்த்தபோது, 20 வயதிலிருந்து 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றது. அறுபதுக்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 விழுக்காடு என்று இறங்கத் தொடங்கியது. மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்களிடமும் தனியாக ஒரு சரிவு தெரியவில்லை. முப்பதைத் தாண்டினால் உடம்பின் வேகம் குறைந்துவிடும், அதனால்தான் தொப்பை போடுகிறது, அதனால்தான் சோர்வு என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது அந்த அளவில் நிற்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டும் இருபத்திரண்டும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. முப்பதுக்குப் பிறகு தசை கரைகிறது; பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. எலும்பின் அடர்த்தியும் கூடுவதை நிறுத்திவிடுகிறது. இரவு கண்விழித்தால் மறுநாள் உடம்பு கணக்குக் கேட்கிறது. ஆனால் தசை கரையும் வேகம் எல்லாருக்கும் ஒன்றல்ல. வேலை கொடுக்கப்படாத தசை விரைந்து கரைகிறது, வேலையும் புரதமும் தூக்கமும் கிடைக்கும் தசை நெடுநாள் நிற்கிறது. அப்படியானால் முப்பத்தெட்டு வயது உடம்புக்கு இம்மூன்றும் எவ்வளவு கிடைக்கின்றன என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் பேச்சு மருத்துவத்திலிருந்து வீட்டு வரவு செலவுக்கு நகர்கிறது.

கூடுவாஞ்சேரியில் குடியிருந்து கிண்டியில் வேலை பார்க்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவர்களால்தான் காலை நேரத்துச் செங்கல்பட்டு மின்ரயில் நிறைகிறது. சைதாப்பேட்டையிலோ வேளச்சேரியிலோ இரண்டு அறை வீட்டுக்கு வாடகையும் அட்வான்ஸும் கொடுக்க முடியாமல், பிள்ளை பள்ளியில் சேர்ந்த வருடம் தெற்கே போனவர்கள் அவர்கள். ஐந்தரை மணிக்கு அலாரம். தண்ணீர் மோட்டார், பால் பாக்கெட், பிள்ளையின் டிபன் டப்பா, அதன்பின் ஷேர் ஆட்டோவில் முழங்காலைக் குறுக்கிக்கொண்டு ரயில் நிலையம். ரயிலில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் செல்போன். முதுகில் இருந்த பையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவரின் வியர்வையும் சந்தனத் திருநீறும் கலந்த மணத்துக்குள் தாம்பரம் கடந்து, பல்லாவரம் கடந்து, கிண்டி வருவதற்குள் உடம்பு ஒரு முறை பிழியப்பட்டுவிடுகிறது. மாலையில் இதே பாதை தலைகீழாக. வீட்டுக்குள் நுழையும்போது எட்டரை. குளித்துச் சாப்பிட்டு, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து, இது ஒன்றுதான் எனக்கான நேரம் என்று செல்போனை எடுத்து வைத்துக்கொண்டால் பன்னிரண்டு. தூங்குவது ஐந்தரை மணி நேரம்.

வாடகையில் மிச்சம் பிடித்த பணத்துக்கு ஈடாக அவர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கொடுக்கிறார். எந்த வீட்டு நோட்டிலும் அந்தச் செலவு எழுதப்படுவதில்லை.

அரசின் ஏட்டிலும் இல்லை. 2022-23ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் இந்திய நகர்ப்புறத்துக் குடும்பம் உணவுக்குச் செலவிடும் பங்கு சுமார் 39 விழுக்காடாகவும், கிராமப்புறத்தில் முதல்முறையாகப் பாதிக்கும் கீழே இறங்கிச் சுமார் 46 விழுக்காடாகவும் இருந்தது. வருமானம் கூடியதன் அடையாளம் என்று பொருளாதார அறிஞர்கள் இதை வரவேற்றார்கள்; அதில் நியாயம் உண்டு. ஆனால் உணவிலிருந்து விலகிய பணம் எங்கே போனது என்று பார்த்தால் போக்குவரத்து முன்னால் வந்து நிற்கிறது. ஷேர் ஆட்டோவும் பெட்ரோலும் சீசன் டிக்கெட்டும் அந்தக் கணக்கில் ஏறுகின்றன. வண்டியில் கரைந்த மணி நேரம் ஏறுவதில்லை. ஒரு குடும்பம் போக்குவரத்துக்கு அதிகம் செலவிடுவது அதன் வளமா, அது நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டதன் தடயமா என்பதை அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது தட்டு. காலை நாலு இட்லி, சட்னி, சாம்பார். இட்லி ஒன்றில் புரதம் சுமார் இரண்டு கிராம், நாலுக்கு எட்டு. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும் என்கிறது; அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம் வருகிறது. மதியம் சோறும் குழம்பும் பொரியலும், இரவு தோசையோ சப்பாத்தியோ. இந்த வரிசையில் ஐம்பதைத் தொட வேண்டுமானால் பருப்போ முட்டையோ மீனோ கொண்டைக்கடலையோ தினமும் தாராளமாக விழ வேண்டும். ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு இந்த மாநிலத்தின் பெரிய ஆறுதல். வெளிச்சந்தையில் அதே பருப்பு அதைப்போல் பல மடங்கு. ஆனால் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. ஒரு கிலோ துவரம்பருப்பில் புரதம் ஏறக்குறைய 220 கிராம். நாலு பேர் உள்ள வீட்டில் முப்பது நாளுக்கு அதைப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிராம்கூட வரவில்லை. அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். ஆகவே எந்த விலை ஏறினாலும் தட்டில் குறையாமல் நிற்பது சோறு. அதைச் சுற்றியுள்ளவைதான் ஒவ்வொன்றாக மெலிகின்றன. 2023 ஜூலையில் தக்காளி சென்னையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, அரசு ரேஷன் கடைகளிலும் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த வாரங்களில் எத்தனையோ அடுப்படிகளில் ரசம் புளியை மட்டும் நம்பி நின்றது. மே 2024இல் வெளியான தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி, மொத்த ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டுக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. பாத்திரத்தில் மலிவானது தானியமாகவே இருக்கும்வரை அந்த அறிவுரையைக் கேட்பவர் என்ன செய்வார்?

அதே வழிகாட்டி புரதப் பொடிகளைத் தவிர்க்கவும் சொல்கிறது. ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தின் வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி நிறைய அடுக்கியிருப்பது அந்த டப்பாக்களைத்தான். ஒரு டப்பாவின் விலையில் ஒரு குடும்பத்துக்குப் பல மாதத்துப் பருப்பு வாங்கலாம். வலிமை என்பது மாதச் சந்தா கட்டி வாங்கும் பொருளாக நடுத்தர வர்க்கத்திடம் வந்துசேர்ந்திருக்கிறது. சந்தா கட்டமுடியாதவர் வலிமை தனக்கில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் காசு கேட்டதில்லை. வடசென்னையின் தேகப்பயிற்சிக் கூடங்களில் துறைமுகத் தொழிலாளியும் ஆலைத் தொழிலாளியும் வேலை முடிந்து வந்து செய்தவை அவை. அவர்களுக்கு வீடும் வேலையும் கூடமும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. இல்லாமல்போனது மன உறுதியா, அந்தத் தூரமா என்பதுதான் கேட்கப்பட வேண்டியது.

பெண்களின் பக்கம் இந்தக் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. 2024 ஜூனில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் வயதுவந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களில் 42 விழுக்காடு, பெண்களில் 57. ஆனால் அதே 2024இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்கு 289 நிமிடம் கொடுப்பதாகவும் ஆண்கள் 88 நிமிடம் கொடுப்பதாகவும் சொல்கிறது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் குனிந்தும் நிமிர்ந்தும் நிற்பவள் எப்படி உடலுழைப்பு இல்லாதவளாகிறாள்? அளவுகோலில் குறை இருக்கலாம். வீட்டு வேலையைக் கேட்டு வாங்கிப் பதியும் விதத்திலேயே குறை இருக்கலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு. அடுப்பு முன் நிற்பதும் பாத்திரம் கழுவுவதும் துணி மடிப்பதும் காலையும் இடுப்பையும் வலிக்கவைக்கும் அளவுக்கு நீளமானவை. ஆனால் நெஞ்சையும் தசையையும் வலுப்படுத்தும் அளவுக்கு வேகமானவை அல்ல. அப்படியானால் அவளுக்குக் கிடைப்பது களைப்பு மட்டும். வேலைக்கும் போகிற பெண்ணுக்கு இந்த 289 நிமிடம் சம்பள வேலையின் இரு முனையிலும் ஒட்டிக்கொள்கிறது. அவளிடம் காலை நடை போகச் சொல்பவர் அவளுடைய ஐந்து மணி எப்படிப்பட்டது என்று பார்த்ததில்லை.

தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை ஒன்றின் மூன்றாம் மாடி. வாடிக்கையாளர் மெத்தென்ற இருக்கையில் உட்கார்ந்திருக்க, எதிரே நிற்கும் பெண் புடவைகளை விரித்தபடி இருக்கிறாள். விரித்தது முப்பதும் பிடிக்காமல்போனால் முப்பதையும் மடித்து அடுக்க வேண்டும். காலை கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை அவளுக்கு உட்கார இடம் கிடையாது. தீபாவளி மாதத்தில் கணுக்கால் வீங்கி மாலையில் செருப்பு பத்தாமல்போகும். கெண்டைக்காலில் நரம்பு நீலமாய்ச் சுருண்டு எழும். 2021 செப்டம்பரில்தான் தமிழ்நாடு சட்டப்பேரவை கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று விதித்தது. கேரளம் 2018இல் இதைச் செய்திருந்தது. உட்கார்வதற்குச் சட்டம் தேவைப்பட்டது. சட்டம் வந்த பிறகும் ஸ்டூல் வந்ததா, வந்த ஸ்டூலில் மேற்பார்வையாளர் முன்னால் உட்கார முடிகிறதா என்பது கடைக்குக் கடை வேறுபடும். 2023 ஏப்ரலில் இதே பேரவையில் தொழிற்சாலைகளில் நாளொன்றுக்குப் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததில் சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. உடம்பைப் பற்றி அந்த வருடம் தமிழ்நாட்டில் நடந்த மிக முக்கியமான விவாதம் அதுதான். அதை யாரும் உடல்நலச் செய்தியாக வாசிக்கவில்லை.

உழைக்கிறவனுக்கு எதற்கு உடற்பயிற்சி என்று கேட்பார்கள். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கேள்விக்குத் துணை நிற்பதுபோல் இருந்தது. இரட்டை அடுக்குப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரைவிட, டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கும் நடத்துநருக்கு மாரடைப்பு குறைவு என்று அவர் காட்டினார். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் எண்களில் பார்த்தது அப்போதுதான். (சென்னை மாநகரப் பேருந்தின் நடத்துநர் பெரும்பாலும் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்க, காசு கைமாறி அவரிடம் போய், டிக்கெட் கைமாறித் திரும்புகிறது, மோரிஸ் இங்கே வந்திருந்தால் அவருக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டிருப்பார்கள்.) ஆனால் 2021இல் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு வேறு பக்கம் காட்டியது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பவர்களுக்கு இதய நோய் குறைந்தது. வேலையில் கடுமையாக உடலுழைப்பவர்களுக்குக் கூடியது. வாழ்க்கை முறை, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. இரண்டையும் சேர்த்து யோசிக்கும்போது ஓரளவு விளங்குகிறது. படியேறும் நடத்துநர் ஏறுகிறார், நிற்கிறார், மறுபடி ஏறுகிறார். கோயம்பேட்டில் இரவு இரண்டு மணிக்கு வெங்காய மூட்டையை முதுகில் வாங்கும் தொழிலாளிக்கு எப்போது நிறுத்துவது என்ற முடிவு கையில் இல்லை; லாரி காலியாகும்வரை இரத்த அழுத்தம் இறங்க வழியில்லை. நாற்பத்தைந்தில் அவர் முழங்காலுக்கு அறுபது வயதாகிவிடுகிறது. அசைவுக்கும் ஓய்வுக்கும் நடுவே ஒருவருக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ அவ்வளவுதான் அவர் உடம்பின் இளமை.

எல்லாவற்றையும் விலைவாசியின் தலையில் கட்டினால் மனிதரின் பொறுப்பு எங்கே போகிறது? இந்த ஐயம் நியாயமானது, தள்ளிவிடக் கூடாது. அதே கூடுவாஞ்சேரி ரயிலில் வருகிறவர்களிலும் நடப்பவர்கள் இருக்கிறார்கள். நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயரிலிருந்து பிறந்தது. மருத்துவ ஆய்வு அதை முதலில் சொல்லவில்லை. 2019இல் அமெரிக்காவின் வயதான பெண்களிடம் நடந்த ஆய்வில் சுமார் 4,400 அடிகளிலேயே இறப்பு விகிதம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. 7,500க்குப் பிறகு மேலும் குறையவில்லை. 2020இல் உலக சுகாதார நிறுவனம், தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டது. இரண்டு நிமிடம் வேகமாகப் படியேறுவதும் கணக்கில் சேரும். வாரத்துக்கு 150 நிமிட நடையும், இரண்டு நாள் தசைக்கு வேலையும் போதும் என்கிறது அது. சுவரில் கைவைத்துத் தண்டால் எடுக்கப் பணம் வேண்டாம். இவற்றைத் தெரிந்துகொள்வது ஒருவருக்கு உண்மையிலேயே உதவும். சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் தெரிந்தவர் எங்கே நடப்பார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கப்பட்டன. நல்ல காரியம். மயிலாப்பூரின் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்கு நிழலும் பேச்சும் நிறைந்த ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் சுற்றுகிறவர்களின் தலைகளைப் பார்த்தால் நரை மிகுதி. நாற்பதை நெருங்குகிறவர் அந்நேரத்தில் ரயில் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் திரும்பும் எட்டரைக்குப் புறநகர்த் தெருவில் நடைமேடை மேல் பைக்குகள் நிற்கின்றன, விளக்குக் கம்பங்களுக்கு இடையில் இருட்டு, இருட்டுக்குள் நாய்கள். ஒரு பெண் அங்கே தனியே நடைப்பயிற்சி போவது பற்றிப் பேச்சே இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலில் கண்டுபிடித்து மாத்திரை கொடுக்கிறது. கோடிக்கணக்கானவர்களுக்கு அது வரம். பகலில் வீடு தேடி வரும் அந்த ஊழியர் முப்பத்தெட்டு வயதுக்காரரைப் பார்ப்பது அரிது, அவர் பகலில் வீட்டில் இல்லை. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும் இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணக்கிட்டது. அந்த இரண்டாவது எண்ணிக்கையில்தான் நம் மின்ரயில் பயணி இருக்கக்கூடும். மாத்திரை தேவைப்படாத, ஆனால் நேரமும் தூக்கமும் பருப்பும் தேவைப்படுகிற கட்டம் அது.

பள்ளி நாட்களில் குழந்தைக்குச் சத்துணவில் முட்டை கொடுக்க வேண்டும் என்று இந்த மாநிலம் எப்போதோ முடிவுசெய்தது. அந்தக் குழந்தையின் புரதம் அரசின் பொறுப்பு என்று எல்லாக் கட்சியும் ஏற்றுக்கொண்டது. அறுபதைக் கடந்தவரின் மாத்திரைக்கும் பொறுப்பேற்றிருக்கிறது. இடைப்பட்ட முப்பது நாற்பது வருடத்தின் உடம்பு மட்டும் அவரவர் சொந்த விஷயமாக விடப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு செலவையும் தன் வேலையால் தாங்குவது அதுதான். அட்டைக்கு ஒரு கிலோ பருப்பை இரண்டு கிலோவாக்குவதும், இருக்கைச் சட்டத்தைக் கடை கடையாகப் போய்ச் சோதிப்பதும், எட்டு மணி நேர வேலையில் இனி கைவைக்காமல் இருப்பதும், புறநகர்த் தெருவுக்கு நடைமேடையும் விளக்கும் போடுவதும் உடல்நலத் திட்டங்களே. இவற்றைக் கேட்டு நிற்கும் தொழிற்சங்கமும் குடியிருப்போர் சங்கமும் எந்த உடற்பயிற்சிக் கூடத்தையும்விட அதிகமானவர்களை நாற்பதுக்குப் பிறகும் தெம்போடு நடக்கவைக்கும். உங்கள் தெருச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நடைமேடையைப் பற்றி ஒருவராவது பேசுங்கள்.